நாலரை அடி லேத் அறுநூறு கிலோவா? யார் காதில் பூ சுற்றுகிறீர்கள்?

கப்பலூர் கடைசல்:
மாடிப்பட்டறை என்கிற தம்பி நேற்று இங்கே ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார். "நாலரை அடி லேத் அறுநூறு கிலோதான் வரும். கோவையில் பழசாக வாங்கி, குட்டி யானையில் போட்டு, மதுரைக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டேன். கிரேன் எல்லாம் வீண் செலவு." படித்ததும் டீ புரையேறிவிட்டது. லேத் என்கிற கடைசல் இயந்திரத்தில் இரும்பு கடையும் பட்டறையில் 31 வருடம் நின்றவன் நான். என்னுடைய நாலரை அடி லேத்தை விற்கும்போது திருமங்கலத்தில் எடை மேடையில் ஏற்றிப் பார்த்தேன். 1,120 கிலோ. அறுநூறு கிலோவுக்கு வருவது லேத் இல்லை, தையல் மிஷின்.

மாடிப்பட்டறை:
வணக்கம் அண்ணே. எடை மேடை உங்கள் ஊரில் மட்டும்தான் இருக்கிறதா? லோடு வண்டி எடையும் காலி வண்டி எடையும் போட்ட சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கழித்தால் 610. கூட்டல் கழித்தலுக்கு 31 வருட அனுபவம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

உசிலம்பட்டி புதுசு:
ஒரு சந்தேகம். நானும் ஒரு பழைய லேத் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் சொல்வது ஒரே மாதிரி லேத்தா? பெல்ட்டை மாற்றி மாற்றிப் போடும் கோன் புல்லி லேத்தா, பல்சக்கரங்களாலேயே வேகம் மாறும் ஆல் கியர்டா? அப்புறம் நாலரை அடி என்பது அடியில் நீளமாக ஓடும் பெட்டின் நீளமா, வேலைப்பொருளை இரு முனையிலும் பிடிக்கும் சென்டருக்கும் சென்டருக்கும் உள்ள தூரமா?

கப்பலூர் கடைசல்:
தம்பி, லேத் என்றால் லேத்துதான். நாலரை அடி என்றால் நாலரை அடிதான். 1,120.

மேலூர் லோடு:
வண்டி ஓட்டுகிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. குட்டி யானைக்கு ஆர்.சி.யில் போட்டிருப்பது முக்கால் டன் சொச்சம்தான். ஒரு டன் ஏற்றாத டிரைவர் எவனும் இல்லை என்பது வேறு விஷயம். லேத்தில் எடையைவிட உயரம்தான் ஆபத்து. கனம் முழுக்க மேலே, அதுவும் வேலைப்பொருளைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக் பக்கம். கால் குறுகல். தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாக இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வரும்போது ஒரு வளைவில் சாய்ந்தால் லேத் மட்டும் போகாது, வண்டியும் சேர்ந்து படுக்கும். நான் ஏற்றினால் நாலு பக்கமும் செயின் போட்டு இழுத்துக் கட்டுவேன். வெறும் கயிற்றை நம்ப மாட்டேன்.

மாடிப்பட்டறை:
நானும் செயின்தான் போட்டேன். இதைக் கேட்காமலே ஆளாளுக்குப் பாடம் எடுக்கிறீர்கள்.

கப்பலூர் கடைசல்:
சரி, செயினை எங்கே போட்டீர்கள்? அதைச் சொல்லுங்கள். எனக்குத் தெரியும், மரை வெட்டும்போது உளியை நகர்த்துகிற நீளத் திருகு, அந்த லீட் ஸ்க்ரூவையும் சேர்த்துச் சுற்றியிருப்பீர்கள். நான் வேலை கற்ற பட்டறையில் இப்படித்தான் ஒரு ஆறடி லேத்தை இறக்கினார்கள். லீட் ஸ்க்ரூவுக்கு வெளியே கயிறு. தூக்கிய ஒரே நிமிடத்தில் வில் மாதிரி வளைந்துவிட்டது. அதற்குப் பிறகு அதில் மரை வெட்டினால் நட்டு பாதிக்கு மேல் ஏறாது. தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. வேலைப்பொருளைக் கவ்விப் பிடிக்கும் சக்கைக் கழற்றி வை. உளியைத் தாங்கி நகரும் கேரேஜையும், எதிர்முனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கையும் கடைசிக்குத் தள்ளி இறுக்கு, அப்போதுதான் ஹெட்ஸ்டாக் கனத்துக்கு எதிர் கனம் கிடைக்கும். பெட்டுக்கு நடுவே இருக்கும் சந்து வழியாகத் தூக்கும் பெல்ட்டை விட்டு, அடியில் மரக்கட்டை கொடுத்து, முதலில் ஒரு அங்குலம் மட்டும் தூக்கு. எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார். கேரேஜை நகர்த்து. மறுபடி ஒரு அங்குலம். ஹைட்ரா கிரேன் வைத்தால் இதெல்லாம் அரை மணி நேர வேலை. கிரேன் வீண் செலவு என்கிறவருக்கு 1,120 கிலோ என்றால் என்னவென்று தெரியாது, அவ்வளவுதான்.

மாடிப்பட்டறை:
அண்ணே, நான் கிரேன் வைத்துத் தூக்கவே இல்லையே! கடப்பாரையால் நெம்பி, அடியில் ஒரு அங்குலக் குழாய் நாலு கொடுத்து, உருட்டித்தான் உள்ளே கொண்டு போனேன். வண்டியிலிருந்து இறக்க என் அப்பா காலத்து மூன்று கால் தூக்குச் சட்டமும், ஒரு டன் தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கும் போதுமானதாக இருந்தது. 1,120 கிலோ என்றால் அந்த பிளாக் தாங்கியிருக்காது. தாங்கியது. ஆக 610.

கப்பலூர் கடைசல்:
ஒரு டன் பிளாக்கில் ஒன்றேகால் டன் தூக்கினாலும் அது உடனே அறுந்து விழாது தம்பி. அதை நம்பித்தான் பலர் காலை இழந்தார்கள்.

ஆனையூர் மோட்டார்:
எடைச் சண்டையை விடுங்கள். கரண்டுக்கு என்ன செய்தீர்கள்? வீட்டில் சிங்கிள் பேஸ்தானே?

மாடிப்பட்டறை:
சிங்கிள் பேஸை மூன்று பேஸாக்கித் தரும் வி.எஃப்.டி போட்டிருக்கிறேன். இரண்டு ஹெச்.பி. மோட்டார்.

ஆனையூர் மோட்டார்:
மோட்டார் காயில் இணைப்பு ஸ்டாரில் இருந்ததை டெல்டாவுக்கு மாற்றினீர்களா? சிங்கிள் பேஸில் ஓடும் வி.எஃப்.டி. மூன்று பேஸ் கொடுத்தாலும் 230 வோல்ட்தான் கொடுக்கும். 415-க்கு ஸ்டாரில் கட்டிய மோட்டாரை அப்படியே மாட்டினால் இழுவை இருக்காது, ஆழமாக வெட்டும்போது திணறும். காயில் கட்டுகிற நான் சொன்னால் கேட்க மாட்டீர்கள். போன தடவை கெபாசிட்டர் விஷயத்திலும் கேட்கவில்லை.

மாடிப்பட்டறை:
மாற்றிவிட்டேன். கெபாசிட்டர் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் தப்பு, அதை இங்கே கிளற வேண்டாம்.

கப்பலூர் கடைசல்:
பேச்சை மாற்றாதீர்கள். இரண்டு ஹெச்.பி. மோட்டார் போட்ட லேத் 610 கிலோவா?

கட்டடக் கணக்கு:
யாருமே இதைக் கேட்கவில்லை. பெயர் மாடிப்பட்டறை. லேத்தை மாடியிலா வைத்திருக்கிறீர்கள்? வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்றுதான் பாரம் கணக்கிடுவார்கள். 610 ஆனாலும் 1,120 ஆனாலும் நாலு காலில் ஒரே இடத்தில் இறங்கினால் கீழே குடியிருக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

மாடிப்பட்டறை:
கீழேதான் இருக்கிறது ஐயா. பெயர், மாடியில் சின்னதாக ஒரு டிரில்லிங் மிஷின் வைத்திருந்த காலத்தில் வைத்தது.

கப்பலூர் கடைசல்:
பெயரிலேயே பொய். எடையில் எப்படி உண்மை இருக்கும்?

மேலூர் லோடு:
அண்ணே, இது கொஞ்சம் ஓவர்.

உசிலம்பட்டி புதுசு:
மன்னிக்கவும், மறுபடி நான்தான். நான் பார்த்த லேத்துக்குப் புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பெட் தேய்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கப்பலூர் கடைசல்:
பெயின்டைப் பார்க்காதே. கேரேஜைச் சக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஆட்டம் இல்லாதபடி ஜிப் என்கிற சரிக்கட்டும் பட்டையை இறுக்கு. பிறகு டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டிப் பார். அங்கே போய் இறுகி நின்றால் சக் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் வேலையெல்லாம் அந்த ஒரு முழத்தில்தான் நடக்கும். ஸ்பிண்டிலில் ஒரு கட்டையைச் செருகி நெம்பி, டயல் வைத்து ஆட்டம் பார். தேய்ந்த பெட் என்றால் விலையில் பாதி கேள். கொடுக்கவில்லை என்றால் எழுந்து வா. இறக்கிய பிறகு மட்டம் பார்க்காமல் ஓட்டாதே. பெட் முறுக்கிக்கொண்டு நின்றால் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சிறுத்துத்தான் கடையும். இதெல்லாம் அந்த அறுநூறு கிலோக்காரரிடம் கேட்டால் தெரியாது.

உசிலம்பட்டி புதுசு:
நன்றி அண்ணே. உங்களுடையது ஆல் கியர்டுதானே?

மாடிப்பட்டறை:
பதில் வராது தம்பி. அண்ணன் கணக்கெல்லாம் அப்படித்தான். போன தீபாவளிக்கு என்னிடம் வாங்கிய நாலு ஜா (கவ்வும் தாடை) சக்குக்கு இன்னும் இருநூறு ரூபாய் பாக்கி. அதுவும் 31 வருட அனுபவத்தில் சேருமா?

கப்பலூர் கடைசல்:
அந்தச் சக்கில் ஒரு ஜா உள்ளேயே போகவில்லை. இருநூறு பிடித்துக்கொண்டது அதற்காக. அப்போதே சொன்னேன்.

மாடிப்பட்டறை:
சொல்லவே இல்லை. சாவியைத் திருப்பிப் போட்டுத் திருகியிருப்பீர்கள்.

கப்பலூர் கடைசல்:
சக் சாவி பிடிக்க எனக்குச் சொல்லித் தருகிறாரா! அந்தச் சீட்டை இங்கே போடுங்கள், பார்க்கலாம். எடை போடும்போது சக் மாட்டியிருந்ததா? மோட்டார்? அடியில் இருக்கும் வார்ப்பிரும்புக் கால்? வார்ப்பிரும்பு ஒரு கன அடி இருநூறு கிலோ சொச்சம் தம்பி. அந்தக் காலைத் தனியாக ஏற்றி வந்திருந்தால் உங்கள் 610 என்ன ஆகும்?

மாடிப்பட்டறை:
கால் ஆங்கிள் பட்டையில் நானே வெல்டு பண்ணியது. பழைய கால் அவர்களிடமே இருக்கிறது.

கப்பலூர் கடைசல்:
ஆஹா. காலே இல்லாத லேத்தை எடை போட்டிருக்கிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்!

மாடிப்பட்டறை:
கால் இல்லாவிட்டால் லேத் இல்லையா? நாலரை அடி நாலரை அடிதான் என்று சொன்னது யார்? குட்டி யானையில் வந்தது, இறங்கியது, நேற்றுகூட ஒரு புஷ் கடைந்தேன். 610.

மேலூர் லோடு:
கால் தனியாக வந்திருந்தால் இரண்டு நடை வாடகை ஆயிற்றே?

கப்பலூர் கடைசல்:
1,120. சக்குக்கு ஒரு ஜா புதிதாக வாங்கிக் கொடுங்கள், இருநூறு ரூபாயைப் பற்றி அப்புறம் பேசலாம்.