ஃப்ரீபிஎஸ்டி-யில் என்ஜினெக்ஸ்: கோப்பில் எதை மாற்றினாலும் எடுபடவில்லை

கேள்வி:
பல வருடமாக டெபியன் லினக்ஸ்தான் பழக்கம். இப்போது ஒரு சர்வரை ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்துக்கு மாற்றியிருக்கிறேன். மென்பொருள் நிறுவும் கருவியான பிகேஜி மூலம் என்ஜினெக்ஸ் வெப் சர்வரை நிறுவினேன். கான்ஃபிக் கோப்புகள் இருக்கும் /ஈடிசி-யில் அதற்கான ஃபோல்டரே இல்லை. ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று நானே உருவாக்கி, பழைய சர்வரின் கான்ஃபிக் கோப்புகளை அப்படியே போட்டேன். டெர்மினலில் என்ஜினெக்ஸ் என்று தட்டினால் ஓடுகிறது, ஆனால் பிரவுசரில் வரவேற்புப் பக்கம் மட்டும்தான். வேண்டுமென்றே கோப்பில் ஒரு பிழையை வைத்தும் பார்த்தேன், முணுமுணுக்கக்கூட இல்லை. மூன்று முறை நீக்கிவிட்டு நிறுவியாயிற்று. எங்கே தப்பு?

பதில் 1:
பிழை வைத்தும் சத்தம் வரவில்லை என்றால், அந்தக் கோப்பை அது படிக்கவே இல்லை. 'என்ஜினெக்ஸ் -டி' கொடுங்கள், எந்தக் கோப்பைச் சோதிக்கிறது என்று முழுப் பாதையோடு சொல்லும். /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஈடிசி/என்ஜினெக்ஸ் என்று வரும் பாருங்கள்.

இங்கே வீட்டுக்காரர் வேறு, குடிவந்தவர் வேறு. இயங்குதளத்தின் மையமான கெர்னலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே திட்டமாகச் சேர்ந்து வெளியாகின்றன, அவற்றின் கான்ஃபிக் /ஈடிசி-யில். பிகேஜி கொண்டுவரும் வெளி மென்பொருள் எல்லாம் /யூஎஸ்ஆர்/லோக்கல் அடியில். எந்த ஃபோல்டர் எதற்கு என்று சொல்லும் 'மேன் ஹையர்' என்று ஒரு கையேட்டுப் பக்கம் இருக்கிறது. முதல் நாளே படித்திருந்தால் எனக்கு இரண்டு இரவு மிச்சமாகியிருக்கும்.

கோப்புகளை இடம் மாற்றினால் மட்டும் போதாது. எந்தப் பயனர் பெயரில் ஓட வேண்டும் என்று சொல்லும் யூசர் வரியில் டபிள்யூ-டபிள்யூ-டபிள்யூ-டேட்டா இருக்கும், அது டெபியன் வைத்த பெயர். இங்கே வெறும் டபிள்யூ-டபிள்யூ-டபிள்யூ. தளங்களின் கான்ஃபிக் இருக்கும் சைட்ஸ்-எனேபிள்டு ஃபோல்டரும் என்ஜினெக்ஸின் வழக்கம் இல்லை, டெபியனின் வழக்கம். வேண்டுமானால் நீங்களே உருவாக்கி, அதைப் படிக்கச் சொல்லும் இன்க்ளூட் வரி சேர்த்துக்கொள்ளலாம்.

கேட்டவர்:
அதேதான்! இத்தனை நாள் சைட்ஸ்-எனேபிள்டு என்ஜினெக்ஸ் கொடுத்தது என்றே நினைத்திருந்தேன். தளம் வந்துவிட்டது. ஆனால் ரீபூட் செய்தால் என்ஜினெக்ஸ் எழுந்திருக்கவில்லை. அப்புறம் என்னுடைய பேக்கப் ஸ்கிரிப்ட் 'நாட் ஃபவுண்ட்' என்கிறது, கோப்பு கண்ணெதிரே இருக்கிறது.

பதில் 2:
முதலாவது: இங்கே நிறுவினாலே தானாக எதுவும் ஓடாது. /ஈடிசி/ஆர்சி.கான்ஃப் கோப்பில் என்ஜினெக்ஸ்_எனேபிள் என்பதற்கு யெஸ் கொடுக்க வேண்டும். கையால் எழுதுவதைவிட 'சிஸ்ஆர்சி' கட்டளையால் சேர்ப்பது நல்லது. ஒரு மேற்கோள்குறி விட்டுப்போனாலும் பூட் ஆகும்போது தலைவலி.

இரண்டாவது: காணோம் என்பது உங்கள் ஸ்கிரிப்டை அல்ல, அதன் முதல் வரியில் இருக்கும் /பின்/பேஷ்-ஐ. ஸ்கிரிப்டை ஓட்டும் பேஷ் ஷெல் இங்கே வெளியிலிருந்து வருவது, நிறுவினாலும் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்-னில்தான் இருக்கும். /பின்/பேஷ் என்ற பெயரில் அசலைக் காட்டும் ஒரு சிம்லிங்க் போட்டால் முடிந்தது.

பதில் 1:
சிம்லிங்க் வேண்டாமே. இன்று இந்த சர்வரில் ஓடும், நாளை வேறொன்றில் மறந்துவிடுவீர்கள். முதல் வரியில் அந்தப் பாதையை மட்டும் '/யூஎஸ்ஆர்/பின்/என்வ் பேஷ்' என்று மாற்றினால் டெபியனிலும் ஓடும். சின்ன ஸ்கிரிப்ட் என்றால் பேஷ் இல்லாமல் இயங்குதளத்தோடே வரும் எஸ்ஹெச்-சுக்கே எழுதிவிடுங்கள். ஸ்கிரிப்டில் கோப்புக்குள் எழுத்தை மாற்றும் 'செட் -ஐ' (sed -i) இருந்தால் அதையும் கவனியுங்கள். இங்கே -ஐ-க்குப் பிறகு பேக்கப் கோப்பின் பின்னொட்டு கட்டாயம், வேண்டாம் என்றால் காலி மேற்கோள்குறி.

கேட்டவர்:
செட் நான்கு இடத்தில் இருந்தது, நல்லவேளை சொன்னீர்கள். பேஷையே எடுத்துவிட்டு எஸ்ஹெச்-சுக்கு மாற்றி எழுதினேன், ஓடுகிறது. ரீபூட்டுக்குப் பிறகு என்ஜினெக்ஸும் தானே எழுந்துவிட்டது. நான் /ஈடிசி-யில் உருவாக்கிய ஃபோல்டரை நீக்கியாயிற்று.