நக்கிள்ஸ் காட்டுல ஏலக்காய் செய்றத ஏன் நிப்பாட்டினாங்க? மரம் வெட்டாமத்தானே நடுறது?

வாவிக்கரையான் (கல்லடி)

ஏலக்காய் நிழல் பயிர் எண்டுதான் நாங்க படிச்சது, பெரிய மரத்த விழுத்தத் தேவல்ல, கீழ நட்டாச் சரி. அப்ப கண்டி, மாத்தளைப் பக்கத்து நக்கிள்ஸ் மலைக்காட்டுக்குள்ள அத ஏன் தடை செஞ்சி வெச்சிருக்காங்க எண்டு ஆராவது விளக்கமாச் சொல்லுங்களன். அண்மையில அந்த மலையில உள்ள ரிவர்ஸ்டன் பக்கம் போனநாங்க, இலுக்கும்புரக்கிட்ட தேத்தண்ணிக் கடை வெச்சிருக்கிற ஒரு ஐயா கதைச்சாரு, அவர்ர ஆக்கள் முந்தி மலைக்குள்ள ஏலக்காய் செஞ்சி சீவிச்சவங்களாம், இப்ப உள்ள போய்க் காய் பறிச்சாலும் பொறஸ்ட்காரங்க பிடிப்பாங்களாம். கேக்கக் கவலையாப் போச்சு. கூட வந்த கூட்டாளி சொல்றான் காட்டுல மனிசன் கை வைக்கவே படா எண்டு, எனக்கு அத முழுசா ஏத்துக்க முடியல்ல, ஏனெண்டா பழைய ஏலக்காய்ப் பத்தை நிக்கிற இடமும் மத்த இடமும் என்ர கண்ணுக்கு ஒரே பச்சையாத்தான் தெரிஞ்சிச்சு. மற்றது, அந்த மலைக்காட்டால மட்டக்களப்பு, அம்பாறை ஆக்களுக்கு என்ன வந்து சேருது?

மலைத்தவளை (வந்தாறுமூலை)

தம்பி, நீங்க அண்ணாந்து மேல பாத்திருக்கீங்க, அதான் ஒரே பச்சை. ஏலக்காய்ப் பத்தைக்குள்ள குனிஞ்சி கீழ பாத்திருந்தா வித்தியாசம் தெரிஞ்சிருக்கும், அங்க மரக்கன்டு இருக்காது.

ஏலம் நடமுன்ன கீழ நிக்கிற சின்ன மரம், பத்தை, கொடி, கன்டு எல்லாத்தையும் வெட்டித் துப்பரவாக்கணும். மேலயும் கொஞ்சம் மரத்த எடுத்துத்தான் ஆகணும், ஏலத்துக்கு நிழல் வேணும் ஆனா கும்மிருட்டு சரிவராது. மறுகா வருசா வருசம் களை பிடுங்குறது, அந்தக் களையோட சேந்து பெரிய மரத்துர விதை விழுந்து முளைச்ச கன்டுகளும் போயிரும். இப்பிடியே பத்து இருபது வருசம் போனா மேல நிக்கிற மரம் ஒவ்வொண்டா வயசு போய் விழும், அந்த இடத்துக்கு எழும்பி வர கீழ ஒண்டுமில்ல. இளம் ஆக்கள் எல்லாம் வெளிநாடு போய் கிழவன் கிழவி மட்டும் இருக்கிற ஊர் மாதிரித்தான், வெளியால பாத்தா ஊர் இருக்கு. அதால மரம் வெட்டல்லத்தானே எண்டு சொல்றது அரைவாசிக் கணக்கு.

விறகு விசயத்த ஆரும் கதைக்கிறல்ல. பறிச்ச காய உடன காய வெக்காட்டி நிறம் போயிரும், விலையும் போயிரும். அந்த மலையில எந்த நேரமும் பனிமூட்டம், வெயில நம்பேலாது, அதால ஸ்டோர் கட்டி நெருப்புப் போட்டுத்தான் காய வெச்சது. விறகு அதே காட்டுலருந்து.

இது இன்டைக்கு நேற்றுத் தொடங்கின கதையுமில்ல. முதல்ல கோப்பிக்காக மலைய மொட்டையாக்கினாங்க, கோப்பி நோய் வந்து அழிஞ்ச பிறகு தேயிலை. வெள்ளைக்காரனே பயந்து 1873ல 5000 அடிக்கு மேல காடு வெட்டக்கூடா எண்டு சட்டம் போட்டவன், தண்ணி போயிரும் எண்ட பயம்தான் காரணம். அதுக்குப் பிறகும் பெரிய மரங்களுக்குக் கீழ ஏலக்காய்க்குக் குத்தகை குடுத்து நடந்துகொண்டுதான் இருந்த. 2000ஆம் ஆண்டுதான் கிட்டத்தட்ட 17,500 ஹெக்டேர் பாதுகாப்பு வனமா வர்த்தமானியில வந்தது. 2010ல சிவனொளிபாத மலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூண்டையும் சேத்து யுனெஸ்கோ உலக மரபுரிமை ஆக்கினாங்க.

மூக்குல இலை ஒட்டின மாதிரி ஒரு ஓணான் இருக்கு, உலகத்துல நக்கிள்ஸ விட்டா வேற எங்கயும் இல்ல. அந்த ஓணான ஏலக்காய்ப் பத்தைக்குள்ளயும் கண்டிருக்காங்க, அத மறைக்கக் கூடா. நிழலும் ஈரமும் இருக்கும் வரைக்கும் அது தாக்குப்பிடிக்கும், மேல் மரம் போனாத்தான் அதுக்கும் முடிவு.

ரங்கலப் பேத்தி (செங்கலடி)

மேல சொன்ன அண்ணன் காட்டப் பத்திச் சொன்னது எல்லாம் சரி, ஆனா ஆளுங்களப் பத்தி ஒரு வார்த்தையும் வரல. எங்க பாட்டி ரங்கலப் பக்கத்துத் தோட்டத்துல பொறந்தவங்க, ஏலக்காய் பறிக்கவும் போயிருக்காங்க. காய் செடி உச்சியில காய்க்காது, அடியில மண்ணோட ஒட்டி வர்ற கதிர்லதான் காய்க்கும், நாள் பூரா குனிஞ்சே நிக்கணும், கால்ல அட்டை, மேல மழை, எல்லாக் காயும் ஒண்ணா முத்தாதுங்கறதால அதே செடிக்குத் திரும்பத் திரும்பப் போகணும். காசு குத்தகைக்காரருக்குப் போச்சு, நாட்கூலிதான் எங்க ஆளுங்களுக்குன்னு பாட்டி சொல்வாங்க. தடை வந்தப்ப குத்தகைக்காரர் வேற யாவாரம் பாத்துக்கிட்டார், கூலிக்குப் போனவங்களும் மலையடிக் கிராமத்துச் சனங்களும்தான் நடுவுல நின்னாங்க.

நான் தடை வேணாம்னு சொல்ல வரல. காடு திரும்பி வரணும்னா நிறுத்தத்தான் வேணும். ஆனா அந்தத் தேத்தண்ணிக் கடை ஐயா மாதிரி ஆளுங்களுக்குக் காட்டக் காக்கிற வேலையே சம்பளத்தோட கிடைக்கணும், வழிகாட்டியா, தீ காவலுக்கு, கன்னு நட. பரம்பரையா அந்த மலையில நடந்தவங்களுக்கு வழி தெரியும், எங்க ஊத்து இருக்கு, எந்தச் சரிவுல தீ வேகமா ஏறும்னு தெரியும். இன்னைக்கு உள்ள வந்து இரவு தங்கி, லேசாத் தீப்பிடிக்கிற மானாப் புல்லுக்குப் பக்கத்துல நெருப்பு மூட்டி பொலித்தீனப் போட்டுட்டுப் போறது பாட்டி மாதிரி ஆளுங்க இல்ல, டவுன்ல இருந்து வர்றவங்கதான். இதச் சொல்லும்போது எனக்குக் கோவம் வருது, மன்னிக்கணும்.

கதிரவெளிப் பொடியன்

எங்களுக்கு என்ன வருது எண்டு கேட்டீங்க, தண்ணிதான் வருது. நக்கிள்ஸ்லருந்து இறங்கிற ஹுலு கங்கை, ஹீன் கங்கை, களு கங்கை எல்லாம் கடைசியா மகாவலிக்குத்தான் போய்ச் சேரும், மகாவலியில ஒரு கிளைதான் எங்களுக்கு வடக்கால வெருகல்ல கடல்ல விழுற ஆறு. மலையில காடு இருந்தா மழைத்தண்ணி மண்ணுக்குள்ள இறங்கி மெதுவா வரும். இல்லாட்டி மாரியில ஒரேயடியா வெள்ளம் மண்ணோட வரும், கோடையில ஆறு காயும். வெள்ளத்துக்கு வீட்ட விட்டு வெளிக்கிட்ட ஆக்களுக்கு இதப் புரிய வைக்கத் தேவல்ல.

வட்டவிதானையார் மகன் (சம்மாந்துறை)

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கட வயல் வட்டைக்கு நக்கிள்ஸ் தண்ணி வாறல்ல, அத முதல்ல சொல்லிர்ரன். எங்களுக்கு சேனாநாயக்க சமுத்திரம், அதுக்குத் தண்ணி வாறது பதுளைக்குக் கிழக்கால உள்ள மலையில தொடங்கிற பட்டிப்பளை ஆத்தால, இப்ப கல்ஓயா எண்டு சொல்ற ஆறு. ஆனா பாடம் ஒண்டுதான். 1954ல கல்ஓயா தேசிய பூங்காவ அறிவிச்சதே அந்தக் குளத்துர நீரேந்துப் பகுதியக் காக்கத்தான், பெரும்பாலான ஆக்கள் அது ஆனை பாக்கிற இடம் எண்டு மட்டும் நினைச்சிக்கொண்டு இரிக்காங்க. மேல காடு அழிஞ்சி மண் கரைஞ்சி வந்தா குளம் தூரும், குளம் தூந்தா சிறுபோகத்துக்கு, அதான் கோடை நெல்லுக்கு, எத்தின ஏக்கர் செய்றது எண்டு விவசாயிகள்ர கூட்டத்துல சண்டதான். வாப்பா அந்தக் கூட்டங்கள்ல பட்ட பாடு எனக்குத் தெரியும்.

கச்சானையும் யோசிச்சிப் பாருங்க. தென்மேல் காத்து மலைக்கு அந்தப் பக்கம் மழையக் கொட்டிட்டு இந்தப் பக்கம் காஞ்சி சூடாகி இறங்கிறதுதான் எங்களுக்கு வாற கச்சான். கச்சான் வீசுற மாசங்கள்ல எங்கட மண்ணுல மழை இல்ல, மேல மலையில சேந்த தண்ணிய நம்பித்தான் சிறுபோகம். மூட்டக்காடு இன்னொரு வேலையும் செய்யிது, மழை பெய்யாத நாள்லயும் மூட்டம் இலையிலயும் பாசியிலயும் பட்டுச் சொட்டுச் சொட்டா மண்ணுக்கு இறங்கும். மரத்த எடுத்தா அதே மூட்டம் மலையத் தாண்டிச் சும்மா போயிரும்.

வாவிக்கரையான் (கல்லடி)

எல்லாருக்கும் நன்றி, தங்கச்சி சொன்னது மனசுல நிக்குது. இன்னொரு கேள்வி, இப்ப ஏலக்காய விட்டுட்டாங்கதானே, அப்ப காடு தன்ர பாட்டுக்குத் திரும்பி வருமா?

மலைத்தவளை (வந்தாறுமூலை)

தன்ர பாட்டுக்கு வாறது கஷ்டம் தம்பி, வந்தாலும் சரியான மெதுவா. ஏலம் கிழங்கால பரவுற செடி, ஆள் விட்டுட்டுப் போனாலும் அது அங்கயே அடர்த்தியா நிக்கும், கீழ விழுற விதைக்கு வெளிச்சமும் இடமும் கிடைக்காது. திறந்து கிடக்கிற இடங்களுக்குள்ள வெளிநாட்டுப் பத்தைகள் வந்து மூடுது. பழைய தேயிலைக் காணி கொஞ்சத்துல பைன் நட்டிருக்காங்க, அதுக்குக் கீழ நம்மட மரக்கன்டு எழும்ப வழி செய்யணும். அதால ஏலத்தக் கொஞ்சம் கொஞ்சமா அகத்தி அந்த மலைக்கே உரிய மரங்கள நட்டு, மிச்சமிருக்கிற பெரிய மரத்துர விதைகளக் காப்பாத்தணும். தங்கச்சி சொன்ன ஊராக்களுக்கு வேலை இதுலதான் இருக்கு, அவங்க இல்லாம இது நடக்காது.

திரும்பப் போறதெண்டா பொறஸ்ட் கந்தோர்ல டிக்கட் எடுத்துக்கொண்டு பாதையால மட்டும் போங்க. பிட்டவல பத்தனை எண்ட புல்வெளியில புல்லுக்குக் கீழ மண் சரியான மெல்லிசு, கொஞ்சம் தோண்டினா கல்லுதான், ஆக்கள் குறுக்கால நடந்து புல்லு செத்தா மழைக்கு அந்த மண்ணும் கழுவிக்கொண்டு போயிரும். சப்பாத்து அடியில ஒட்டியிருக்கிற மண்ணையும் வெளிக்கிட முன்ன தட்டிட்டுப் போங்க, கண்ட கண்ட விதையெல்லாம் அதோடதான் மலை ஏறுது.