நாலு பாகத்தோடு நின்ற பொன்னியின் செல்வன்

பழைய வாசகன்:
பதின்மூன்று வயதில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் எடுத்துப் படித்தது கல்கியின் ஐந்து பாக நாவல் பொன்னியின் செல்வன். நாற்பத்தாறில் போன மாதம் மறுபடி எடுத்தேன். ஏன் எடுத்தோம் என்று ஆகிவிட்டது. திட்டுகிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

கதாநாயகன் வந்தியத்தேவன் கால் வைக்கிற இடமெல்லாம் யாராவது சதி பேசுகிறார்கள். கடம்பூரில் ஒரு ராத்திரி தங்கினால் அன்றைக்குத்தான் சிற்றரசர்கள் கூடி மதுராந்தகனுக்குப் பட்டம் கட்டப் பேசுவார்கள். குடந்தை சோதிடர் வீட்டுக்குள் நுழைந்தால் உள்ளே இளவரசி குந்தவை உட்கார்ந்திருப்பாள். அவன் இல்லாத இடத்தில் ஒற்றன் ஆழ்வார்க்கடியான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். சோழ நாட்டில் ஒட்டுக்கேட்காமல் ஒரு ரகசியமும் வெளியே வந்ததில்லை போல.

சரி, அதைக்கூட விடுங்கள். பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலைதான் தாங்கவில்லை. முதல் பாகத்திலிருந்து தூமகேதுவை, அதுதான் வால்நட்சத்திரத்தை, காட்டிக் காட்டி பயமுறுத்திவிட்டு, அந்த நேரம் வந்ததும் விளக்கை அணைத்துவிடுகிறார் கல்கி. இருட்டு. யார் குத்தினார்கள் என்று தெரியாது. கடம்பூர்ப் பெண் மணிமேகலை 'நான் கொன்றேன்' என்கிறாள், சோழர் தனாதிகாரி பெரிய பழுவேட்டரையர் 'நான்' என்கிறார், சிறைக்குப் போவது வந்தியத்தேவன். ஐந்தாம் பாகத்தில் 91 அத்தியாயம். கொலை நாற்பதை ஒட்டியே முடிந்துவிடுகிறது. மீதி ஐம்பதில் யாருக்கு யாரோடு கல்யாணம், யாருக்குப் பட்டம் என்று கணக்குத் தீர்க்கிறார்.

கல்வெட்டுப் பித்தன்:
சார், விளக்கை அணைத்தது கல்கி இல்லை, சரித்திரம். இந்தக் கொலைக்கு இருக்கிற பெரிய ஆதாரம் காட்டுமன்னார்கோவில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டு. ராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டு. கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சொல்லி, உறவினர் சொத்து வரைக்கும் பறிமுதல் செய்ததைப் பேசுகிறது. எதற்காகக் கொன்றார்கள், பின்னால் யார் இருந்தார்கள் என்று ஒரு வரி இல்லை. வரலாற்றாசிரியர்களில் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் (கதையில் வரும் மதுராந்தகன்) மேல் சந்தேகப்பட்டார், சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்கி இந்த இரண்டு பேரையும் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

இன்னொன்று. வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று குதிரையில் வருகிற வீராணம் ஏரிக்கும் அந்தக் கல்வெட்டு இருக்கிற கோவிலுக்கும் அதிக தூரம் இல்லை. கொலைகாரர்கள் பெயர் வெட்டிய கல்லுக்குப் பக்கத்திலேயே கதையை ஆரம்பித்தவருக்கு அது தெரியாதா?

பழைய வாசகன்:
நீங்கள் சொல்வது என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது. கல்லே பெயர் சொல்கிறது. கதை ஏன் வாயை மூடிக்கொண்டது?

பைண்டு வால்யூம்:
என் கையில் இருப்பது பாட்டி கல்கி பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணிய பிரதி, ஓவியர் மணியம் படங்களோடு. 1950இல் ஆரம்பித்து 1954 வரை வாரா வாரம் வந்தது. பாட்டி அப்போது புதுப்பெண். கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாராம். எழுத்து தெரியாத கொழுந்தன் பெண்டாட்டி, பால்காரர், எதிர்வீட்டு மாமி எல்லாரும் கேட்பார்களாம். ஒரு வாரம் வராதவருக்கும் கதை புரிய வேண்டாமா? அதற்குத்தான் சார் அந்த ஒட்டுக்கேட்டல். யாரோ யாரிடமோ முன்கதையைச் சொல்வார்கள், அதைத் தூணுக்குப் பின்னால் நின்று இன்னொருவன் கேட்பான். கூடவே பால்காரரும் கேட்டுவிடுவார். நீங்கள் எத்தனை நாளில் படித்தீர்கள்?

பழைய வாசகன்:
பதினோரு நாள். லீவு போட்டு.

பைண்டு வால்யூம்:
மூன்றரை வருஷச் சாப்பாட்டைப் பதினோரு நாளில் சாப்பிட்டுவிட்டு, வயிறு சரியில்லை என்கிறீர்கள்.

முப்பதில் முதல்முறை:
அண்ணா, உங்களுக்காவது பதின்மூன்று வயது இருந்தது. நான் 2022இல் படம் பார்த்துவிட்டு முதல்முறையாகப் புத்தகத்தை எடுத்தேன். எனக்குக் காப்பாற்ற வேண்டிய ஞாபகம் எதுவும் கிடையாது. அதனால் சொல்கிறேன், வந்தியத்தேவன் வாய்த்துடுக்கு இல்லையென்றால் இரண்டாம் பாகத்தைத் தாண்டியிருக்க மாட்டேன். குந்தவையின் தோழி வானதி எத்தனை தடவை மயங்கி விழுகிறாள் என்று எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். குந்தவை ராஜ்யத்தையே நடத்துகிற மூளைக்காரி, ஆனால் எழுத்தாளருக்கு அவள் கண்ணைப் பற்றிச் சொல்ல இன்னும் இரண்டு உவமை பாக்கி இருக்கும்.

பைண்டு வால்யூம்:
நடுக்கடலில் தனியாகப் படகு வலிக்கிற பூங்குழலியை மறந்துவிட்டீர்களே தம்பி. 1950இல் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்ட பெண்களில் பாதிப் பேர் தனியாகக் கடைத்தெருவுக்குக்கூடப் போனதில்லை. மணிமேகலை விஷயத்தில் மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. அவளைப் பைத்தியமாக்கி, கடைசி அத்தியாயத்தில் சாகடித்து, 'மலர் உதிர்ந்தது' என்று தலைப்பும் கொடுத்தது எனக்கும் ஆறவில்லை. பாட்டி அந்த அத்தியாயத்தைப் படிக்கவே விடமாட்டார்.

பழைய வாசகன்:
பார்த்தீர்களா, பாட்டிக்கே பிடிக்கவில்லை.

பைண்டு வால்யூம்:
பாட்டி படிக்க விடாதது அழுகை வரும் என்பதால். அது வேறு, இது வேறு. சரி, ஒன்று கேட்கிறேன். பதின்மூன்றில் படித்தபோது இதே முடிவு உங்களுக்குப் பிடித்திருந்ததா?

பழைய வாசகன்:
இதைச் சொல்லாமல் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். எங்கள் நூலகத்தில் நாலு பாகம்தான் இருந்தது. ஐந்தாம் பாகத்தை யாரோ எடுத்துப்போய்த் திருப்பித் தரவில்லை. நூலகர் 'வரும், வரும்' என்றே இரண்டு வருஷம் ஓட்டினார். அப்புறம் கல்லூரியில், பரீட்சைக்கு முந்தின வாரம் விடுதியில் ஒரு பையனிடம் வாங்கி, ஒரே ராத்திரியில் புரட்டினேன். அதில் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. நடுவில் ஐந்தாறு வருஷம் என் ஐந்தாம் பாகத்தை நானே ஓட்டிக்கொண்டிருந்தேன். சைக்கிளில் டியூஷன் போகும்போதெல்லாம் அதுதான் ஓடும்.

கல்வெட்டுப் பித்தன்:
அப்படிச் சொல்லுங்கள்! வழக்கு தள்ளுபடி. சிறு வயதில் ரசித்த புத்தகம் இப்போது ஏமாற்றிவிட்டது என்று வந்தீர்கள். ஏமாற்றிய பாகத்தைச் சிறு வயதில் நீங்கள் பார்க்கவே இல்லை. போட்டி கல்கிக்கும் உங்கள் சைக்கிளுக்கும்.

முப்பதில் முதல்முறை:
அதற்காக ஐந்தாம் பாகம் நன்றாக ஆகிவிடுமா? வாரா வாரம் படித்தவர்களுக்கே திடீரென்று முடிந்தது போலத்தான் இருந்திருக்கிறது. அதனால்தானே கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி, இன்னின்னாருக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்று பதில் சொல்ல வேண்டி வந்தது?

கல்வெட்டுப் பித்தன்:
தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பட்டத்தை விட்டுக்கொடுத்த முடிவும் சும்மா வந்ததில்லை. சித்தப்பாவுக்கு ஆசை இருக்கிறவரை எனக்கு அரசு வேண்டாம் என்று அருள்மொழி (பின்னாளில் ராசராசன்) ஒதுங்கியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. உத்தம சோழன் போய் 985இல்தான் அவன் அரியணை ஏறினான். அந்த ஒரு வரியைத்தான் கல்கி ஐந்தாம் பாகமாக இழுத்தார். கொலைப் பழி விழாத ஒரு மதுராந்தகன் வேண்டும் என்பதற்காக, பூத்தொடுக்கிற சேந்தன் அமுதன்தான் நிஜ மதுராந்தகன் என்று கொண்டுவந்து நிறுத்தினார். அது கொஞ்சம் அதிகப்படிதான், ஒத்துக்கொள்கிறேன்.

பழைய வாசகன்:
ஒட்டுக்கேட்டலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், பால்காரருக்காக. கல்யாணக் கணக்கையும் பாதி வாபஸ். விளக்கு மட்டும் அப்படியே நிற்கிறது.

பைண்டு வால்யூம்:
உங்கள் ஐந்தாம் பாகத்தில் விளக்கு எரிந்ததா? யார் குத்தினார்கள்?

பழைய வாசகன்:
நன்றாக எரிந்தது. மீன் அடையாளம் போட்ட அந்த வாளைப் பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினி ஓங்குவாள், ஆனால் கை வராது. கதவோரம் பெரிய பழுவேட்டரையர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். 64 விழுப்புண் வாங்கிய கிழவர். அவர் வீசுகிற கத்தி கரிகாலன் மேல் போய்ப் பாயும்.

கல்வெட்டுப் பித்தன்:
சார், புத்தகத்தில் பழுவேட்டரையர் தானே கொன்றதாகச் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதானே!

பழைய வாசகன்:
சொல்கிறார். நீங்கள் நம்பினீர்களா?