தலைக்கு விலை வைப்பது நீதியா, அரசியலா?

செந்தூல் வாசகன்:

2012 ஏப்ரலில், பாகிஸ்தானின் ஆயுதக் குழுவான லஷ்கர்-இ-தொய்பாவின் நிறுவனர் ஹாபிஸ் சயீதைக் கைது செய்யவோ தண்டிக்கவோ உதவும் தகவலுக்கு அமெரிக்கா ஒரு கோடி டாலர் வரை வெகுமதி அறிவித்தது. தலைமறைவாக இருப்பவருக்குத்தான் வழக்கமாக இப்படி விலை வைப்பார்கள். அவரோ அந்த வாரத்திலேயே, ராணுவத் தலைமையகம் இருக்கும் ராவல்பிண்டியில் செய்தியாளர்களைக் கூட்டிப் பேசினார். இருப்பிடத்தைச் சொல்பவருக்கு அல்ல, நீதிமன்றத்தில் எடுபடும் ஆதாரத்தைத் தருபவருக்கே பணம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறைப் பேச்சாளர் விளக்க வேண்டியதாயிற்று. ஆதாரத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் ஓர் அரசு, ஒருவரைக் குற்றவாளியாக உலகத்தின் முன் நிறுத்துவது எப்படி நீதி நடவடிக்கை ஆகும்? பாகிஸ்தானுக்கு விடுத்த எச்சரிக்கையாகவே அதைக் கருதுகிறேன்.

ஜார்ஜ்டவுன் வழக்குரைஞர்:

ஐயா, ஆதாரமே இல்லாததுபோல எழுதியிருக்கிறீர்கள். சயீதின் அமைப்பு நடத்தியதாகக் குற்றம்சாட்டப்படும் 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் ஆறு பேர் அமெரிக்கர்கள். தாக்கியவர்களில் உயிருடன் பிடிபட்ட அஜ்மல் கசாப் வாக்குமூலம் அளித்தான். தாக்குதலுக்கு முன்பு நகரை வேவு பார்த்த டேவிட் ஹெட்லி சிகாகோ நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 35 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றான். ஆனால் சயீதை வீட்டுக்காவலிலிருந்து விடுவிக்கும்படி 2009இல் லாகூர் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. சொந்த நாடே அரவணைத்து வைத்திருக்கும் ஒருவரை மற்ற நாட்டு நீதிமன்றங்கள் எந்தக் கையால் பிடிக்கும்? நம் மலேசியாவின் மூவாரில் பிறந்த வெடிகுண்டு நிபுணர் சுல்கிப்ளி அப்துல் ஹிர், அதாவது மர்வான், பிலிப்பீன்ஸில் ஒளிந்திருந்தபோதும் இதே நிலைதான். அவர் மீது 50 லட்சம் டாலர் வெகுமதி இருந்தது.

செந்தூல் வாசகன்:

மர்வானின் முடிவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஐயா. 2015 ஜனவரி 25 அன்று தெற்குப் பிலிப்பீன்ஸின் மமசபானோவில் அவரைத் தேடிச் சென்ற காவல்துறைச் சிறப்புப் படையினரில் 44 பேர் உயிரிழந்தனர்; அப்பகுதி முஸ்லிம்களான மோரோ மக்களுடனான அமைதி உடன்பாட்டை நிறைவேற்றும் சட்டம் அதனால் முடங்கி, 2018இல்தான் நிறைவேறியது. மர்வானும் கொல்லப்பட்டதால் அவர் மீதான குற்றச்சாட்டை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை.

என்னை அதிகம் வருத்துவது அமெரிக்காவின் குவாண்டனாமோ சிறை. 2001க்குப் பிறகு ஆப்கானிஸ்தானில், ஆளைப் பிடித்துக் கொடுத்தால் பெரும்பணம் கிடைக்கும் என்று அமெரிக்க விமானங்கள் துண்டறிக்கைகளை வீசின. அந்த ஆசைக்கு இரையானவர்களில் சீனாவின் உய்குர் இனத்தவர் 22 பேர் உண்டு. அவர்களில் பலர் பாகிஸ்தானில் வெகுமதிக்காகப் பிடித்துக் கொடுக்கப்பட்டவர்கள். அமெரிக்காவுக்கு அவர்கள் எதிரிகள் அல்லர் என்பது தெரிந்த பின்னும், அவர்களை ஏற்கும் நாடு கிடைக்காமல், கடைசியாக எஞ்சிய மூவர் 2013 இறுதியில்தான் சுலோவாக்கியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். காட்டிக் கொடுத்தவனுக்குக் கையில் பணம். சிறையில் கிடந்தவனின் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

சிரியாவையும் பாருங்கள். 2017இல் ஒரு கோடி டாலர் விலை வைக்கப்பட்ட கிளர்ச்சித் தலைவர் அல்-ஜொலானி, 2024 டிசம்பரில் டமஸ்கஸைக் கைப்பற்றினார். அமெரிக்கத் தூதுக்குழு அவரைச் சந்தித்த நாளிலேயே அந்த வெகுமதி கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் அவர் அதிபர் அகமது அல்-ஷராவாக வெள்ளை மாளிகைக்குச் சென்றார். இடையில் எந்த நீதிபதியும் அவரைக் குற்றமற்றவர் என்று தீர்ப்பளிக்கவில்லை.

பட்டர்வொர்த் ஆசிரியை:

வெகுமதி இல்லாமலேயே ஒரு பயங்கரவாதப் பட்டியல் மனிதர்களை என்ன செய்யும் என்பதை நாம் இங்கே மலேசியாவிலேயே பார்த்தோம். 2019 அக்டோபரில், பத்து ஆண்டுகளுக்கு முன்பே போர்க்களத்தில் அழிந்துபோன விடுதலைப் புலிகளுடன் தொடர்பு என்று கூறி, காடேக், செரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட 12 பேர் பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டனர். பயங்கரவாதக் குற்றச்சாட்டுக்குச் சொஸ்மாவில் அப்போது ஜாமீனுக்கு வழியில்லை. ஜாமீனை மறுக்கும் 13ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர்நீதிமன்றம் அந்த நவம்பரில் தீர்ப்பளித்தபோதும் அவர்கள் உடனே வீடு திரும்பவில்லை. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் மீட்டுக்கொண்டார். கைப்பேசியில் இருந்த படங்களும் முகநூல் பதிவுகளும் பயங்கரவாதத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்ட வழக்கு அது. அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டை நினைக்கும்போது, ஓர் அரசின் அறிவிப்பை நம்பி யாரையும் பயங்கரவாதி என்று அழைக்க என் மனம் ஒப்புவதில்லை.

ஜார்ஜ்டவுன் வழக்குரைஞர்:

அம்மா, அந்தக் கைதுகளை நானும் எதிர்த்தேன். அங்கே அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட முடிந்தது. மும்பையில் இறந்தவர்களுக்கோ முழுமையான வழக்கு விசாரணைகூட பாகிஸ்தானில் கிடைக்கவில்லை. முக்கியக் குற்றம்சாட்டப்பட்டவரான லக்வி 2015இல் ஜாமீனில் வெளியே வந்தார். சயீத் 2020இல் தண்டனை பெற்றதும் பயங்கரவாதத்துக்கு நிதி திரட்டியதற்காகத்தான், மும்பைத் தாக்குதலுக்காக அல்ல.

செந்தூல் வாசகன்:

அந்தத் தண்டனைக்கும் வெகுமதி காரணமல்ல. பயங்கரவாதத்துக்குப் பணம் போவதைக் கண்காணிக்கும் பன்னாட்டு அமைப்பான நிதி நடவடிக்கைப் பணிக்குழு, பாகிஸ்தானை 2018இல் சாம்பல் பட்டியலில், அதாவது கண்காணிப்புக்குரிய நாடுகளின் பட்டியலில், சேர்த்த நெருக்கடியே காரணம். மும்பைத் தாக்குதல் வழக்கில் தேடப்பட்ட தஹாவூர் ராணா 2025 ஏப்ரலில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டதும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி முடித்த பிறகுதான்.

ஜார்ஜ்டவுன் வழக்குரைஞர்:

ராணா இருந்தது, ஒப்படைக்கச் சம்மதித்த நாட்டில். சயீத் இருப்பது, ஒப்படைக்க மறுக்கும் நாட்டில். அந்த மறுப்பு நீடிக்கும்வரை வெகுமதியும் நீடிக்கட்டும் என்றே சொல்வேன்.