பெண் நாயகி என்றால் டிஸ்க்கைத் தொடமாட்டேன் என்கிறார்கள், உங்கள் ஊரிலும் இப்படித்தானா?

குடந்தை_கண்ட்ரோலர்:

வணக்கம் மக்களே. கும்பகோணத்தில் ஒரு கல்லூரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேமிங் சென்டர் வைத்திருக்கிறேன். மூன்று பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4), ஒரு பிஎஸ்5, மணிக்கு 50 ரூபாய். வருகிற பசங்களில் முக்கால்வாசி பேர் ஃபுட்பால், மீதிப் பேர் ஜிடிஏ 5, மழை நாளில் டெக்கன் என்கிற சண்டை கேம். அவ்வளவுதான் என் வியாபாரம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஹொரைசன் ஜீரோ டான் டிஸ்க் ஒன்று செகண்ட்ஹேண்டில் சல்லிசாகக் கிடைத்தது, வாங்கிப் போட்டேன். 2017ல் வந்த கேம், இன்றைக்கும் பார்க்க அவ்வளவு அழகு. மிருகம் மாதிரி திரிகிற இயந்திரங்களை வில்லும் அம்பும் வைத்துச் சாய்க்க வேண்டும், இது போதாதா பசங்களுக்கு என்று நினைத்தேன். அட்டையில் நாயகி ஏலாய் படத்தைப் பார்த்ததும் "பொண்ணா? வேற குடுங்கண்ணே". எட்டு மாதத்தில் மூன்றே பேர்தான் கேட்டு எடுத்தார்கள், அதில் ஒருவன் பத்து நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜிடிஏ போட்டுக்கொண்டான்.

எனக்குப் புரியாத இடம் என்னவென்றால், இதே பசங்கள் டெக்கனில் நீனாவையும் அசுகாவையும் அடித்துப் பிடித்துக்கொண்டு எடுக்கிறார்கள். "நீனா எனக்கு, நீ வேற எடு" என்று சண்டையே நடக்கிறது. அங்கே பெண்ணாக ஆடலாம், இங்கே ஆடக்கூடாதா? ஒருவனைப் பிடித்துக் கேட்டேன். "அது ரெண்டு நிமிஷ ஃபைட்டுண்ணே, இது முழுக்க அவ கதைல்ல" என்றான்.

உங்களுக்கும் இப்படித்தானா, இல்லை என் கடைக்கு வருகிற கூட்டம்தான் இப்படியா? இவர்களிடம் எந்த கேமைக் கொடுத்து ஆரம்பிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

மன்னை_மாறன்:

அண்ணே, நீங்கள் கடை நடத்துகிறீர்கள், சீர்திருத்தம் நடத்தவில்லை. காசு கொடுக்கிறவன் கேட்பதைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

எனக்கு டூம் ரெய்டர் நாயகி லாரா க்ராஃப்ட் பிடிக்கும், போர்டல் கேம் பிடிக்கும், அதில் நாம் ஆடுவது ஒரு பெண் என்பதே பாதி கேம் வரைக்கும் எனக்குத் தெரியாது. அதாவது பெண் என்பது எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் முப்பது, நாற்பது மணி நேரம் ஒரு ஆளுக்குள் குடியிருக்கப் போகிறேன், அங்கே நான் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்ற வேண்டும், இல்லையா? இதைச் சொன்னால் உடனே பெண்களை வெறுக்கிறவன் என்று முத்திரை குத்துகிறார்கள். லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், முதல் பாகத்து நாயகன் ஜோயலுக்கு அப்படிச் செய்துவிட்டு அடுத்து ஆபி என்ற பெண்ணைக் கையில் கொடுத்து ஆடு என்றால் எவனுக்குக் கோபம் வராது? பெண் நாயகிகளை வேண்டுமென்றே திணிக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

வெட்டாறு_வேகம்:

யோவ் ஸ்பாய்லர்! நான் இப்போதுதான் முதல் பாகம் முடித்தேன். நாசமாகப் போக.

ஆரூர்_ஆழித்தேர்:

மாறன் அண்ணா, ஒரு சந்தேகம். காட் ஆஃப் வார் ஆடும்போது க்ராடோஸுக்குள் நீங்கள் இருக்கிற மாதிரி தோன்றியதா? தலையில் முடியில்லாமல், உடம்பெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு, பெற்ற அப்பாவையே கொல்லுகிற ஒரு கிரேக்கர். மன்னார்குடியில் அப்படி எத்தனை பேர் இருக்கிறீர்கள்?

கிண்டலுக்குச் சொல்லவில்லை. பெண்கள் நாங்கள் எல்லாரும் சின்ன வயதிலிருந்தே ஆம்பளையாகத்தான் ஆடி வந்திருக்கிறோம். மரியோ, வைஸ் சிட்டி, ஐஜிஐ, எல்லாமே. "என்னால் ஒட்ட முடியவில்லை" என்று சொல்ல எங்களுக்கு வாய்ப்பே இல்லை. வாய்ப்பு என்ன, கண்ட்ரோலரே ஒழுங்காகக் கிடைத்ததில்லை. லீவுக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போனால் அண்ணன் எனக்கு ஒரு கண்ட்ரோலரைக் கொடுத்து "நீதான் ரெண்டாவது பிளேயர்" என்பான். இரண்டு கோடை விடுமுறை கழித்துத்தான் அதன் ஒயர் எதிலும் சொருகவில்லை என்று கண்டுபிடித்தேன். நான் நன்றாக ஆடுகிறேன் என்று பாட்டியிடம் போய்ப் பெருமை வேறு அடித்திருக்கிறேன்.

இப்போது மொபைலில் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறேன், பெயர் வேண்டாம். ஐடியில் ஆண் பெயர், மைக் ஆஃப். ஒரு தடவை மைக்கைப் போட்டேன். குரலைக் கேட்டதும் பாதிப் பேர் அக்கறையாகப் பேச ஆரம்பித்தார்கள், மீதிப் பேர் பேசியதை இங்கே எழுத முடியாது. அக்கறையாகப் பேசியவர்கள்தான் அதிக எரிச்சல், ஒருத்தன் எனக்கு ஹெல்மெட் தேடிக் கொடுத்துக்கொண்டே இருந்தான்.

அதே சமயம் நாயகி பெண்ணாக இருந்தாலே எனக்குத் திருப்தி என்றும் இல்லை. 2013ல் வந்த டூம் ரெய்டர் ஆடியிருக்கிறேன். நல்ல கேம்தான், ஆனால் லாரா சாகிற காட்சிகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஆற்றில் அடித்துக்கொண்டு போகும்போது கொஞ்சம் தப்பினால் கழுத்தில் கம்பி ஏறும், கேமரா அதை நின்று காட்டும். நான் தோற்றேன் சரி, அதை எதற்கு இவ்வளவு ஆசையாகக் காட்டுகிறார்கள் என்று இருந்தது. ஏலாயிடம் அந்த அருவருப்பு இல்லை. அவள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறாள். ஹொரைசன் இரண்டாம் பாகம் வந்தபோது அவள் கன்னத்தில் பூனைமுடி தெரிகிறது என்று ஒரு கூட்டம் கிடந்து குதித்தது, அது வேறு கதை. எங்கள் எல்லார் கன்னத்திலும் இருக்கிறது ஐயா.

தஞ்சை_பழைய_பேட்ச்:

நான் 2004ல் தஞ்சாவூரில் பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து வைஸ் சிட்டி ஆடிய பேட்ச். இப்போது ஐடி, சென்னை. மாறன் சொல்கிற "திணிக்கிறார்கள்" என்பதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் கேம் கம்பெனிகளுக்குள்ளே நடந்தது பெரும்பாலும் தலைகீழ்.

2014ல் அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி வந்தபோது நான்கு பேர் சேர்ந்து ஆடுகிற வசதி இருந்தது, நாலும் ஆண். ஏன் என்று கேட்டதற்கு, பெண் என்றால் அனிமேஷன், உடை எல்லாம் தனியாகச் செய்ய வேண்டும், வேலை அதிகம் என்று அதைச் செய்த யூபிசாஃப்ட் தரப்பில் சொன்னார்கள். அதே வரிசையின் மூன்றாம் பாகத்துக்கு அனிமேஷன் இயக்குநராக இருந்த ஜோனதன் கூப்பர், அது ஒன்றிரண்டு நாள் வேலை என்று வெளிப்படையாகவே சொன்னார். நானும் மென்பொருளில்தான் குப்பை கொட்டுகிறேன், "நேரமில்லை" என்று எங்கள் மேனேஜர் சொல்லும்போது அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் செய்த டோன்நாட் கம்பெனிக்கு நடந்தது இன்னும் ஒரு படி மேல். பதிப்பாளர்களிடம் போனபோது பல பேர் நாயகியை ஆணாக மாற்றச் சொன்னார்கள், ஸ்கொயர் எனிக்ஸ்தான் அப்படியே எடுத்துக்கொண்டது, 2015ல் வந்தது. அந்தக் கதையில் மேக்ஸ், க்ளோயி என்ற இரண்டு பெண்களையும் பையன்களாக மாற்றிப் பாருங்கள், என்ன மிச்சம் இருக்கும்? ஆக, திணிப்பு என்றால் அது அந்தப் பக்கம் நடந்தது.

1986ல் வந்த மெட்ராய்ட் இதில் ரொம்ப வேடிக்கை. நாம் ஆடுகிற கேரக்டர் கவசம் போட்ட சாமஸ், அமெரிக்காவில் கேமோடு வந்த கையேட்டிலேயே ஆண்பாலில்தான் எழுதியிருந்தார்கள். சீக்கிரமாக ஆடி முடித்தவனுக்கு மட்டும் கடைசியில் கவசம் கழன்று பெண் என்று தெரியும். அதுவரை பசங்களுக்கு ஒரு குறையும் தோன்றவில்லையே. தெரிந்த பிறகுதான் ஒட்டவில்லையா?

இன்னொன்று. மாஸ் எஃபெக்டில் நாம் ஆடுகிற ஷெப்பர்ட் ஆணா பெண்ணா என்பதை நாமே எடுத்துக்கொள்ளலாம், கதை ஒன்றுதான். 2011ல் பெண்ணை எடுத்தவர்கள் 18 சதவீதம் என்று அதைச் செய்த பயோவேர் சொன்னது, அப்போது அட்டையில் எல்லாம் ஆண் ஷெப்பர்ட்தான். 2021ல் புதுப்பித்து வெளியிட்டபோது அது 32 ஆனது. பெண் ஷெப்பர்டுக்குக் குரல் கொடுத்த ஜெனிஃபர் ஹேலைக் கேட்டுவிட்டு ஆணுக்குத் திரும்ப முடியாது என்பது என் கட்சி, வேண்டுமானால் சண்டைக்கு வாருங்கள்.

ஆபி விஷயத்தில் மாறன் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு, கதை பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இருக்கிறது, எனக்கே நடுவில் இழுவையாகத்தான் இருந்தது. ஆனால் ஆபிக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல் அனுப்பினார்களே, அந்தக் கூட்டத்தோடு சேர்த்து உங்களையும் எண்ணிவிடுகிறார்கள் என்பதுதான் உங்கள் கஷ்டம். அதற்கு நீங்கள் கோபப்பட வேண்டியது ஆரூர்த் தங்கையிடம் இல்லை.

சீர்காழி_பெரியவர்:

தம்பிகளா, எனக்கு கேம் எல்லாம் ஆடத் தெரியாது. என் பையன் ஆடுவான், பின்னால் உட்கார்ந்து பார்ப்பேன், இந்தப் பக்கத்தையும் அவன்தான் காட்டினான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஆண்பிள்ளைக்குப் பெண்ணுக்குள் போய் நிற்க வராது என்கிறீர்களே, எங்கள் ஊர்ப்பக்கம் திருக்குறையலூரில் பிறந்த திருமங்கை ஆழ்வாரைத் தெரியுமா? சோழனுக்குப் படைத்தலைவர். ஆடல்மா என்று குதிரைக்கே பெயர் உண்டு. திருநகரி கோயிலில் இன்றைக்கும் கையில் வேலோடுதான் நிற்கிறார். குமுதவல்லியைப் பெண் கேட்டுப் போனபோது அந்த அம்மாள், ஒரு வருஷம் தினம் 1008 அடியார்களுக்குச் சோறு போட்டால்தான் கல்யாணம் என்று நிபந்தனை வைத்தார். (இதைச் சொன்னபோது என் பையன் "அப்பா, இது சைடு குவெஸ்ட்" என்றான். எனக்கு அர்த்தம் புரியவில்லை, அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.) கையில் காசு தீர்ந்ததும் வழிப்பறியில் இறங்கி, கடைசியில் கல்யாணக் கோலத்தில் வந்த பெருமாளையே மறித்தார் என்பது கதை.

அப்பேர்ப்பட்ட முரட்டு மனுஷர் பாட உட்கார்ந்தபோது பரகால நாயகியாகத்தான் மாறினார். காதலில் வளையல் கழன்று, தூக்கம் வராமல் தவிக்கிற பெண்ணாக, சில இடத்தில் அந்தப் பெண்ணைப் பெற்ற தாயாகவும் புலம்பியிருக்கிறார். வேலைக் கீழே போட்டுவிட்டா பாடினார்? தை மாதம் திருநாங்கூரில் 11 கருட சேவை நடக்கும்போது வந்து பாருங்கள், அந்த நாயகி பாடியதையும் சேர்த்து ஓதிக்கொண்டு போகிற ஆண்கள் யாருக்கும் மீசை உதிர்ந்ததாக நான் பார்க்கவில்லை.

மன்னை_மாறன்:

ஐயா, உங்களுக்கு என் வணக்கம். ஆனால் அது பக்தி, இது பொழுதுபோக்கு. பக்தியில் யார் முன்னால் எப்படி உருகினாலும் யாரும் கேலி செய்ய மாட்டார்கள். சென்டரில் நாலு பசங்கள் பின்னால் நிற்கும்போது ஒருத்தன் பெண் கேரக்டரை எடுத்தால் என்ன சொல்வார்கள் என்று குடந்தை அண்ணனுக்கே தெரியும். அந்தப் பையனுக்கு ஏலாய் பிடிக்காமல் இல்லை, பின்னால் நிற்கிறவன் வாய்க்குப் பயம். நானும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன்.

க்ராடோஸ் பாயிண்ட் சரி. விட்டுக்கொடுக்கிறேன்.

மாயவரம்_மாவு:

நீங்கள் எல்லாரும் வில், வேல் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள், வெண்பா என்கிற கேம் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. 2023ல் வந்தது. டொராண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் செய்தது, 80களில் கனடா போய்க் குடியேறிய ஒரு தமிழ் அம்மாதான் நாயகி. சண்டை கிடையாது, சமையல்தான். எழுத்து அழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டை வைத்துக்கொண்டு பக்குவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், நடுவில் மகன் மெல்ல மெல்லத் தமிழை விட்டு நழுவுகிறான். அடுத்த வருஷம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது.

என் அம்மாவை உட்கார வைத்து ஆட விட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை கண்ட்ரோலரைத் தொடுகிறார். இட்லித் தட்டை அடுக்கும் இடத்தில் நான் ஆவி மேலே போகாமல் சொதப்பிக்கொண்டிருந்தேன், அம்மா பார்த்த மாத்திரத்தில் "குழிக்கு மேல குழி வந்தா எப்படிடா வேகும், தட்டைத் திருப்பு" என்றார். அதன்பிறகு எனக்குக் கண்ட்ரோலர் கிடைக்கவில்லை. மகன் அம்மாவுக்கு இங்கிலீஷில் பதில் சொல்கிற இடம் வந்ததும் அம்மா ஒன்றும் பேசவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, காபி போடப் போய்விட்டார். அக்கா இருப்பது நியூஜெர்சியில்.

குடந்தை அண்ணே, இது இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், உங்கள் கணக்கில் 100 ரூபாய். ஆனால் காலேஜ் பசங்களிடம் போகுமா என்று தெரியவில்லை. அவர்களின் அம்மாக்களை வரச் சொல்லுங்கள்.

குடந்தை_கண்ட்ரோலர்:

எல்லாருக்கும் நன்றி, மூன்று வாரம் கழித்து வருகிறேன், குறுவை நடவு வேலையில் ஊரில் மாட்டிக்கொண்டேன்.

மாறன் சொன்னது மண்டையில் நின்றது. பின்னால் நிற்கிறவன் வாய். அதனால் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை, ஓரத்தில் இருந்த பிஎஸ்4ஐச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன், திரை வழியில் போகிறவன் கண்ணில் படாது. ஹொரைசனை அட்டையை எடுத்துக் காட்டாமல் அதிலேயே போட்டு வைத்துவிட்டேன். ஃபுட்பாலுக்கு வரிசை நின்ற ஒரு பாலிடெக்னிக் பையன் "சும்மா இருக்கேன், அதைப் போடுங்கண்ணே" என்று உட்கார்ந்தான். தண்டர்ஜா என்கிற ராட்சச இயந்திரம் வந்து துவைத்து எடுத்தது, ஏழு தடவை செத்தான், எட்டாவது தடவை சாய்த்துவிட்டுக் கடையே அதிரக் கத்தினான். அப்போது திரும்பிப் பார்த்த கூட்டத்தில் யாரும் பொண்ணா பையனா என்று கேட்கவில்லை, "என்னடா அது, எனக்கும் காட்டு" என்றுதான் கேட்டார்கள்.

இப்போது அந்த மெஷினில் ஒரு பேப்பர் ஒட்டியிருக்கிறது: "என் சேவ்-ஐ எவனும் அழிக்காதீங்க". கீழே இன்னும் இரண்டு பேர் "என்னோடதும்" என்று எழுதியிருக்கிறார்கள். மற்ற பசங்கள் இன்னும் ஜிடிஏதான், அதில் மாற்றமில்லை.

இரண்டாம் பாகம் பிஎஸ்4க்குச் செகண்ட்ஹேண்டில் வாங்கலாமா?

தஞ்சை_பழைய_பேட்ச்:

வாங்குங்கள், ஃபர்பிடன் வெஸ்ட் பிஎஸ்4லும் ஓடும். ஆனால் பிஎஸ்4 பதிப்பில் இரண்டு டிஸ்க், ஒன்று ஏற்றுவதற்கு, ஒன்று ஆடுவதற்கு. பெட்டியைத் திறந்து இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.