ரவுட்டர் திணறுகிறது, வரைபடமோ 9 சதவீதம் என்கிறது: எஸ்என்எம்பி உதவி தேவை

கேள்வி:
வணக்கம். எங்கள் கேபிள் நிறுவனத்தில் சிஸ்கோ 7609 ரவுட்டர் ஒன்று சூப்பர்வைசர் 720 என்ற கட்டுப்பாட்டு அட்டையோடு ஓடுகிறது. இரவு எட்டு மணிக்கு மேல் மல்டிகாஸ்ட் (ஒரே ஓட்டத்தைப் பலருக்கும் அனுப்பும் முறை) சேனல்கள் உறைந்து உறைந்து வருகின்றன; ஸ்பானிங் ட்ரீயும் (வலையில் சுழல் ஏற்படாமல் தடுக்கும் நெறிமுறை) அவ்வப்போது நிலை மாறுகிறது. உள்ளே நுழைந்து கட்டளை கொடுத்தால் மட்டும் உடனே பதில் வருகிறது. சிபியு வரைபடத்துக்கு, எஸ்என்எம்பி (சாதனங்களின் நிலையைத் தொலைவிலிருந்து கேட்டறியும் நெறிமுறை) வழியாக 1.3.6.1.4.1.9.2.1.58 என்ற ஓஐடியை (கேட்கும் மதிப்பைக் குறிக்கும் எண்) கேட்டு வாங்குகிறேன். எந்நேரமும் 9 சதவீதம்தான். ரவுட்டர் பொய் எண் தருகிறதா? வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

பதில்:
எண் பொய்யில்லை நண்பரே, ஆனால் அது ஒரே ஒரு ப்ராசஸரின் எண். சூப்பர்வைசர் 720-இல் இரண்டு உண்டு. ஓஎஸ்பிஎஃப், பிஜிபி ஆகிய வழித்தட நெறிமுறைகள், நீங்கள் கட்டளை தட்டும் திரை எல்லாம் ரூட் ப்ராசஸரின் பொறுப்பு. அதனால்தான் திரை சுறுசுறுப்பாக இருக்கிறது. ஸ்பானிங் ட்ரீயும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கும் (யார் எந்த மல்டிகாஸ்ட் சேனலைக் கேட்கிறார்கள் என்று கவனிக்கும் வேலை) சுவிட்ச் ப்ராசஸரின் தலையில். உங்கள் அறிகுறிகள் இரண்டும் அங்கேதான் கைகாட்டுகின்றன. டிஎஃப்சி (பாக்கெட்டுகளை அட்டையிலேயே அனுப்ப முடிவெடுக்கும் துணை அட்டை) பொருத்திய அட்டைகளுக்கும் தனி ப்ராசஸர் உண்டு. உங்கள் பழைய ஓஐடிக்கு இவை எதுவும் தெரியாது.

1.3.6.1.4.1.9.9.109.1.1.1.1.8 என்பதை வாக் செய்து (அதன் கீழுள்ள எல்லா மதிப்புகளையும் வரிசையாகக் கேட்டு) பாருங்கள். ஒவ்வொரு ப்ராசஸரின் ஐந்து நிமிடச் சராசரியும் தனித்தனி வரிசையாக வரும்.

கேட்டவர்:
செய்தேன் ஐயா. ஒரு வரிசை 9, அடுத்தது 87! எது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:
அதே அட்டவணையின் 2-ஆம் பத்தியை (ஓஐடியின் கடைசி 8-க்குப் பதில் 2) வாக் செய்யுங்கள். அங்கே வரும் எண்ணை 1.3.6.1.2.1.47.1.1.1.1.7 என்பதன் கடைசியில் ஒட்டிக் கேட்டால் பெயரே வரும்: ‘சிபியு ஆஃப் சுவிட்சிங் ப்ராசஸர் 5’ என்பது போல. உறுதிசெய்ய, ‘ரிமோட் கமாண்ட் சுவிட்ச் ஷோ ப்ராசஸஸ் சிபியு’ கொடுங்கள். ‘ரிமோட் கமாண்ட் சுவிட்ச்’ இல்லாமல் கொடுத்தால் ரூட் ப்ராசஸரின் பட்டியல்தான் வரும். பலரும் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள்.

மற்றொருவர்:
இரண்டு விஷயம் சேர்க்கிறேன். வரிசை எண்ணை மென்பொருளில் நிலையாக எழுதி வைக்காதீர்கள். ரவுட்டர் மறுபடி எழும்போதோ அட்டையை மாற்றும்போதோ எண் மாறலாம். பெயரை வைத்துத் தேடும்படி அமையுங்கள். அப்புறம், எச்சரிக்கைக்கு ஐந்து விநாடி மதிப்பு வேண்டாம். நீங்கள் எஸ்என்எம்பி கேட்கும் நொடியிலேயே அது குதிக்கும், நள்ளிரவில் வீணாக எழுப்பும்.

ஜூனிப்பர் எம்எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். 1.3.6.1.4.1.2636.3.1.13.1.8 அட்டவணையில் 9.1.0.0 ரூட்டிங் எஞ்சின் 0. அட்டைகள் 7-இல் தொடங்கும் வரிசைகளில் இருக்கும். சிபியு இல்லாத பாகங்கள் 0 காட்டும், அவற்றை வரைபடத்தில் சேர்க்க வேண்டாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. 87 சுவிட்ச் ப்ராசஸருடையதேதான். பட்டியலின் உச்சியில் ஐஜிஎம்பி வேலை நிற்கிறது. இரண்டு ப்ராசஸருக்கும் தனி வரைபடம் போட்டுவிட்டேன். எந்த வீலானிலிருந்து (வலையின் தனிப் பிரிவு) இத்தனை ஐஜிஎம்பி கோரிக்கைகள் வருகின்றன என்று இன்றிரவு நெரிசல் நேரத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.