சில நாள் ஏறும், சில நாள் ஏறாது: லாட்ஜ் ஃபயர்வாலில் ரூல்ஸ் லோடிங் பிழை

முதலில் என் அனுபவத்தை எழுதுகிறேன். உங்களுக்கும் இந்த மாதிரி நடந்திருந்தால் கீழே சொல்லுங்கள்.

வேலூரில் பாபு ராவ் தெருப் பக்கம் ஒரு லாட்ஜுக்கு நெட்வொர்க் பார்த்துக்கொள்கிறேன். 48 அறை. தங்குபவர்களில் முக்கால்வாசிப் பேர் சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்தவர்கள். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று தூரத்திலிருந்து ரயிலில் காட்பாடிக்கு வந்து இறங்குகிறவர்கள். அந்தப் பக்கம் கடைப் பலகைகள்கூட வங்காளியில் இருக்கும். இவர்களுக்கு வைஃபை பொழுதுபோக்குக்காக இல்லை. ஊரில் இருக்கும் அண்ணனுக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும், பணம் போடச் சொல்ல வேண்டும், ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு அலமாரி. இன்வெர்ட்டர் பேட்டரி, பழைய ரிஜிஸ்டர்கள், நடுவில் ஒரு பழைய டெஸ்க்டாப் பெட்டி. அதில் பிஎஃப்சென்ஸ் என்கிற ஃபயர்வால் மென்பொருள் போட்டு ரூட்டராக ஓட்டுகிறோம். எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று அதற்குச் சொல்லும் வரிகள்தான் ரூல்ஸ். லைன் இரண்டு: ஒன்று ஃபைபர், அது போனால் எடுத்துக்கொள்ள ஒரு கேபிள் லைன். மூன்று வருடம் ஒரு தொந்தரவும் இல்லை.

சித்திரை பிறந்ததும் ஆரம்பித்தது. திரையில் மேலே இருக்கும் மணிக் குறியில் ஒரு அறிவிப்பு. ரூல்ஸ் ஏற்றுவதில் பிழை, ரூல்ஸ் டீபக் கோப்பில் இன்ன வரி, இன்ன டேபிளை (முகவரிப் பட்டியலை) அமைக்க முடியவில்லை, கடைசியில் 'கேனாட் அலோகேட் மெமரி', அதாவது மெமரி ஒதுக்க முடியவில்லை. நெட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் காலையில் ஃபில்டர் ரீலோட் அழுத்தினேன், ஒரு பிழையும் இல்லாமல் ஏறியது. சரி, ஏதோ ஒரு தடவை என்று விட்டுவிட்டேன். அப்படி விட்டது தப்பு.

பிழை வந்தும் நெட் எப்படி ஓடியது என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். உள்ளே ரூல்ஸை நடத்துகிற பிஎஃப் என்கிற ஃபில்டர் 2001இல் ஓபன்பிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காக எழுதப்பட்டு, அப்புறம் பிஎஃப்சென்ஸுக்கு அடித்தளமான ஃப்ரீபிஎஸ்டிக்கு வந்தது. அது ரூல்ஸ் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகத்தான் ஏற்றும். ஒரு வரி சிக்கினாலும் மொத்த மூட்டையும் திரும்பிவிடும், ஏற்கெனவே உள்ளே இருக்கிற ரூல்ஸ் அப்படியே நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த வாரம் நான் சேர்த்த புது ரூல்ஸ் நடைமுறையில் இருக்கிறதா என்று சோதித்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும்.

மே மாதம் ஒரு ராத்திரி வெகுநேரம் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் தாங்கவில்லை, எல்லாம் அணைந்துவிட்டது. காலை ஐந்தரைக்கு மேனேஜர் போன் செய்தார். "தம்பி, கரண்ட் வந்துடுச்சி, நெட்டு இன்னும் வரல. ஆஸ்பத்திரிக்குப் போறவங்க எல்லாம் கவுண்டர்ல நிக்கறாங்க, சீக்கிரம் வாப்பா." சத்துவாச்சாரியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

கவுண்டர் முன்னால் மால்டாவிலிருந்து வந்த ஒரு அம்மா. கணவருக்கு அன்று காலை ஆபரேஷன். மகன் ஊரில். அவர் யாரையும் திட்டவில்லை, கையிலிருந்த போனை என் பக்கம் நீட்டினார். திரையில் வீடியோ கால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தேன். அவர் மகனோடு பேசி முடிக்கும்வரை அலமாரியைத் திறக்கவில்லை.

திறந்து பார்த்தால் அதே பிழை. இந்தத் தடவை நெட் ஏன் நின்றது என்றால், அந்தப் பெட்டி சீக்கிரம் எழுந்துவிடும், ஃபைபர் மோடம் எழ நேரம் எடுக்கும். கேபிள்காரர் பக்கமும் அப்போது கரண்ட் இல்லை. ரூட்டர் எழும்போது வெளி லைனே கிடையாது. அந்த நிலைக்கான ரூல்ஸ் முதலில் ஏறிவிட்டது, அதில் உள்ளே இருக்கும் போன்களை வெளி லைன் வழியாக அனுப்பும் நேட் வரி இல்லை. ஃபைபர் வந்ததும் புது மூட்டை ஏறியிருக்க வேண்டும். அது சிக்கி நின்றதால், லைன் இருந்தும் ஒரு பாக்கெட்கூட வெளியே போகவில்லை.

பிழையில் பெயர் வந்தது ஒரு சின்ன பிளாக் லிஸ்ட், தடுக்க வேண்டிய இணைய முகவரிகளின் பட்டியல், சுமார் 5,000 முகவரி. அதை எடுத்துவிட்டேன், உடனே ரூல்ஸ் ஏறியது, நெட் வந்தது. அந்த லிஸ்ட்தான் கெட்டது என்று முடிவு கட்டினேன். பத்து நாள் கழித்து அதே பிழை வேறொரு லிஸ்டின் பெயரோடு வந்தது. மெமரி இல்லை என்றுதானே சொல்கிறது என்று 4 ஜிபி ரேம் வாங்கிப் போட்டேன். மூன்றாம் நாள் திரும்பவும் வந்தது.

அப்புறம்தான் ஒரு நோட்டு போட்டு நேரத்தைக் குறிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு பிழையும் ஃபைபர் போய் கேபிளுக்கு மாறுகிற நேரம், அல்லது திரும்புகிற நேரம். லைன் மாறினால் ரூல்ஸ் மறுபடி ஏறும், அது புரிந்தது. ஆனால் லைன் மாறிய எல்லாத் தடவையும் பிழை வரவில்லை. ஒன்பது தடவை மாறியதில் நாலு தடவைதான். அந்த நாலில் என்ன வித்தியாசம்?

ஷெல்லில் பிஎஃப்சிடிஎல் கட்டளையோடு ஹைபன் எஸ்எம் சேர்த்தால் எல்லைகளைக் காட்டும். டேபிள் என்ட்ரீஸ் எல்லை எங்கள் பெட்டியில் 4,00,000. ஒவ்வொரு டேபிளிலும் எத்தனை முகவரி என்று பார்க்க ஹைபன் விவிஎஸ்டேபிள்ஸ். யாருக்கும் ஒதுக்கப்படாத ஐபிவி6 (புது வகை நீண்ட இணைய முகவரி) முகவரிகளைத் தடுக்கிற போகான்ஸ்வி6 மட்டும் 1,12,000. பெரிய பிளாக் லிஸ்ட் 80,000க்கு மேல், தினமும் இறங்கி ஏறும். கூட்டினால் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு நாள், கொஞ்சம் மேலே ஒரு நாள்.

நாலு லட்சம் எல்லைக்கு இரண்டு லட்சம் ஏன் கொள்ளவில்லை என்று மண்டையைக் குடைந்தது. பதில் லாட்ஜ் கவுண்டரிலேயே இருந்தது. 25 பேர் கொண்ட ஒரு குழு ஆளுக்கொரு அறையில் இருக்கிறது என்று வையுங்கள். அடுத்த 25 பேர் வருகிறார்கள். புதிதாக வந்தவர்கள் எல்லோரும் அறைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் பழையவர்கள் காலி செய்வார்கள் என்றால், 50 அறை வேண்டும். இருப்பது 48. குழுவில் 24 பேர் என்றால் ஒரு சிக்கலும் இல்லை. பிஎஃப் டேபிளும் அப்படித்தான், புதுப் பட்டியல் முழுதாக உள்ளே வரும்வரை பழையது வெளியே போகாது. எல்லை என்பது மொத்த எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். பூட் ஆகும்போது பழையது ஒன்றும் இல்லை, அதனால் முதல் தடவை தாராளமாக ஏறும். அடுத்ததில்தான் இடிக்கும்.

பிழையில் பெயர் அடிபடுவது கடைசியாகக் கவுண்டருக்கு வந்தவருடையது. அவர்மேல் குற்றமே இல்லை. ரேமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அந்த மெமரி இந்த எல்லையைத்தான் சொல்கிறது.

சிஸ்டம், அட்வான்ஸ்டு, அதில் ஃபயர்வால் அண்ட் நேட் பக்கம். ஃபயர்வால் மேக்சிமம் டேபிள் என்ட்ரீஸ் என்ற இடத்தில் 10,00,000 போட்டேன். இரண்டு நிமிட வேலை. எடுத்த சின்ன லிஸ்டையும் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

காட்பாடி நண்பர் எழுதுகிறார்:

மோடம் பிந்தி எழுவதைப் படித்ததும் என் கதை ஞாபகம் வந்தது. நான் இருப்பது காந்தி நகரில், வீட்டிலேயே டியூஷன் சென்டர். லினக்ஸ் பெட்டி, அதில் ஐபிடேபிள்ஸ் என்கிற ஃபயர்வால். பூட் ஆகும்போது ஐபிடேபிள்ஸ் ரீஸ்டோர் ஒரு கோப்பை ஏற்றும். கரண்ட் போய் வந்தால் சில சமயம் எல்லா ரூல்ஸும் இருக்கும், சில சமயம் ஒன்றுகூட இருக்காது. எனக்கு நெட் போகவில்லை, அதைவிட மோசம்: தடுப்பே இல்லாமல் திறந்து கிடந்தது, இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன்.

காரணம் ஒரே ஒரு வரி. ஒரு சர்வரின் முகவரியை எண்ணாக எழுதாமல் பெயராக எழுதியிருந்தேன். ரூல்ஸ் ஏறும் நேரத்தில் அந்தப் பெயரை, பெயருக்கு எண் சொல்லும் டிஎன்எஸ்ஸில் கேட்க வேண்டும். மோடம் முந்தி எழுந்திருந்தால் பதில் வரும், பிந்தினால் வராது. ஒரு பெயருக்குப் பதில் வராததால் கோப்பு முழுவதும் நிராகரிக்கப்பட்டது. ரூட்டரை மட்டும் ரீபூட் செய்து சோதித்தபோதெல்லாம் மோடம் ஓடிக்கொண்டிருந்ததால் ஒழுங்காக ஏறியது. அதனால்தான் அத்தனை நாள் சிக்கவில்லை. இரண்டு பிளக்கையும் சேர்த்துப் பிடுங்கிச் சொருகினேன், முதல் தடவையிலேயே பிழை வந்து நின்றது.

டிஎன்எஸ் கேட்க வேண்டிய பெயரை ரூலில் எழுதுவது மிகத் தவறான யோசனை என்று ஐபிடேபிள்ஸ் கையேட்டிலேயே இருக்கிறது. பெயரை எடுத்துவிட்டு எண் போட்டேன். தீர்ந்தது.

குடியாத்தத்திலிருந்து:

என்னுடையது சின்ன கதை. விசைத்தறிக்காரர் ஒருவரின் ஆபீஸ். லாக்கில் 'அனதர் ஆப் இஸ் கரன்ட்லி ஹோல்டிங் தி எக்ஸ்டேபிள்ஸ் லாக்' (ஐபிடேபிள்ஸ் பூட்டு இப்போது வேறொரு நிரலிடம் இருக்கிறது) என்று வரும், அப்போது ஒரு ரூல் விட்டுப்போயிருக்கும். நேரத்தை வரிசையாக எழுதிப் பார்த்தேன்: 10.05, 11.40, 2.15, 4.30. எல்லாம் ஐந்தில் அல்லது சுழியில் முடிகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கிரான் ஓட்டுகிற என் ஸ்கிரிப்டும், தப்பான பாஸ்வேர்டு போடுகிறவர்களைத் தடுக்கும் ஃபெயில்2பேனும் ஒரே நொடியில் ஐபிடேபிள்ஸைத் தொட்டிருக்கின்றன. ஒருவர் பூட்டை வைத்திருக்கும்போது இன்னொருவர் காத்திருக்காமல் திரும்பிவிடுகிறார். ஸ்கிரிப்டில் ஒவ்வொரு ஐபிடேபிள்ஸ் கட்டளையிலும் ஹைபன் டபிள்யூ சேர்த்தேன். அது பூட்டு கிடைக்கும்வரை காத்திருக்கும். அதற்கப்புறம் வரவில்லை.

ஆம்பூரிலிருந்து ஒரு கேள்வி:

அண்ணா, எங்கள் ஷூ யூனிட்டிலும் பிஎஃப்சென்ஸ்தான். இதே மெமரி பிழை மாதத்தில் ஒரு நாள் வருகிறது, பெரும்பாலும் ஒன்றாம் தேதி காலையில் பார்க்கிறேன். பிளாக் லிஸ்ட் ஒன்றுகூட நாங்கள் போடவில்லை. எங்கள் லைனில் ஐபிவி6 இல்லை. அந்த போகான்ஸைத் தடுக்கிற டிக்கையே எடுத்துவிடலாமா?

லாட்ஜ்காரர் பதில்:

தம்பி, ஒன்றாம் தேதி என்று கவனித்தீர்களே, அதுவே பாதி விடை. போகான்ஸ் பட்டியல் மாதத்துக்கு ஒரு முறை, ஒன்றாம் தேதி விடியற்காலையில் தானாகப் புதுப்பிக்கப்படும். உங்கள் பெட்டி பழைய பதிப்பாக இருந்தால் எல்லை 2,00,000 என்று இருக்கலாம். அப்படியானால் போகான்ஸ்வி6 ஒன்றே போதும், பழையதும் புதியதும் சேர்ந்தால் தாண்டிவிடும்.

டிக்கை எடுத்தால் பிழை போகும். ஆனால் நான் எடுக்கமாட்டேன். எல்லையை உயர்த்துவதற்கு ஆகும் ரேம் கொஞ்சம்தான், தடுப்பும் கையில் இருக்கும். நாளைக்கே யாராவது ஒரு பிளாக் லிஸ்ட் சேர்த்தால், டிக்கை எடுத்த பெட்டியில் இந்தப் பிழை வேறு பெயரில் திரும்பி வரும். முதலில் ஹைபன் எஸ்எம் போட்டு எல்லையைப் பாருங்கள், அப்புறம் டேபிள்களின் மொத்தத்தைக் கூட்டுங்கள். இரண்டு எண்ணையும் இங்கே எழுதுங்கள்.

காட்பாடிக்காரர் சொன்ன மாதிரி மோடத்தையும் ரூட்டரையும் சேர்த்துப் பிடுங்கும் சோதனையை நான் செய்ததில்லை. நேற்று மதியம் அறைகள் கொஞ்சம் காலியாக இருந்த நேரத்தில், மேனேஜரிடம் சொல்லிவிட்டுச் செய்து பார்த்தேன். ரூட்டர் முதலில் எழுந்தது, மோடம் விளக்கு பச்சையாக வெகுநேரம் ஆனது. பச்சை வந்ததும் ரூல்ஸ் ஒரு தடவை ஏறியது, மணிக் குறியில் ஒன்றும் இல்லை. மாடியிலிருந்து யாரோ வங்காளியில் சத்தமாகப் பேச ஆரம்பித்தார்கள், நெட் வந்துவிட்டது என்று மேனேஜர் சொன்னார். ஃபைபர் மோடத்துக்குத் தனியாக ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆம்பூரிலிருந்து:

பார்த்துவிட்டேன் அண்ணா. எல்லை 2,00,000. போகான்ஸ்வி6 1,12,000க்குப் பக்கத்தில். இன்று ராத்திரி ஷிஃப்ட் முடிந்ததும் மாற்றிவிடுகிறேன். ஒன்றாம் தேதி காலையில் லாக் பார்த்துவிட்டுத் திரும்ப வருகிறேன்.